கொண்டை ஊசி வளைவும் கூட்டல் குறியும்

சேலத்தையும் ஏற்காட்டையும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணைத்தால் 15 கிலோமீட்டர்கூட வராது. பஸ் ஓடுவதோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் உள்ள 1,200 மீட்டரை, 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறலாம் என்ற கணக்கில் ஏறுவதென்றால் 24 கிலோமீட்டர் சாலை வேண்டும். சேர்வராயன் மலைச்சரிவில் அவ்வளவு நீளத்துக்கு நேர்கோடு ஏது? ஆகவே சாலையை மடித்திருக்கிறார்கள். அடிவாரம் தாண்டியதும் மடிப்புகள் ஆரம்பிக்கும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பஸ்ஸில் வரும் பிள்ளைகள் சத்தம்போட்டு எண்ணுவார்கள். பன்னிரண்டுக்கு மேல் பாதிப் பேர் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துவிடுவார்கள் என்பது வேறு.

மலைச்சாலை போடுகிறவருக்கு ஒரு சுதந்திரமும் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எங்கே மடிப்பது என்பது அவர் விருப்பம். ஆனால் கண்ட இடத்தில் மடித்தால் லாரி திரும்பாது. இந்திய சாலைகள் காங்கிரஸின் மலைச்சாலை விதிகள் இதற்கு ஒரு வரம்பு சொல்கின்றன. கொண்டை ஊசி வளைவுக்கு உள்ளே ஏற்றம் 40க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது. திரும்புகிற வேலையும் ஏறுகிற வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் வண்டி திணறும். வளைவில் திரும்பு, நேரில் ஏறு.

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் தினமும் செய்யும் வேலை இதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஒரு கூற்று, அதாவது கணினிக்கு இடும் ஒரு கட்டளை, நீண்டுபோகிறது. ஒரே வரியில் அடங்கவில்லை. எங்கே ஒடிப்பது? ஒடித்த மிச்சத்தை அடுத்த வரியில் எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிப்பது? கணினிக்குப் பெரும்பாலும் இதில் அக்கறை இல்லை. ஒரே வரியில் 400 எழுத்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அக்கறையெல்லாம் ஆறு மாதம் கழித்து அதே வரியைத் திறந்து பார்க்கிற மனிதருக்குத்தான். அநேகமாக அவர் நீங்களாகவே இருப்பீர்கள்.

முதலில், வரி ஏன் அடங்காமல் போகிறது என்று பார்ப்போம். காகிதத்துக்கு ஓரம் உண்டு. மின்திரைக்கு ஏன் ஓரம் வைத்தார்கள்? காரணம் ஓர் அட்டை. 1928ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஒரு நெடுவரிசையில் ஓர் எழுத்து, ஓர் அட்டையில் ஒரு வரி. 1957ல் ஃபோர்ட்ரான் மொழி வந்தபோது அந்த 80 இடத்தையும் பட்டா நிலம்போலப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் 5 இடம் கூற்றின் எண்ணுக்கு. 7 முதல் 72 வரை கூற்றுக்கு. 73 முதல் 80 வரை அட்டையின் வரிசை எண்ணுக்கு: அட்டைக்கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் மறுபடி அடுக்க வேண்டுமே. நடுவில் விட்டுப்போன 6ஆம் இடத்துக்கு ஒரே ஒரு வேலை. அங்கே பூஜ்யம் தவிர ஏதாவது குறி இருந்தால், இந்த அட்டை தனிக் கூற்று அல்ல, முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று அர்த்தம். வளைவுக்கு நட்ட முதல் பலகை என்று அந்தக் குறியைச் சொல்லலாம்.

இதில் ஒரு கொடுமையும் இருந்தது. கூற்று 72ஆம் இடத்தைத் தாண்டி ஓர் எழுத்து நீண்டாலும், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலர் அதைப் பார்க்காது. பிழை என்றும் சொல்லாது, தன் பாட்டுக்கு விட்டுவிடும். 1,000 என்று முடிய வேண்டிய எண் 100 ஆகிப்போனாலும் கேட்க நாதியில்லை. 1973ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 கணினி வந்தது. அந்தத் தலைமுறை நிரல் கற்றது அட்டைக் கட்டுகளைக் கையில் ஏந்தித்தான். அட்டை போய் டெர்மினல் திரை வந்தபோது அதையும் 80 எழுத்து அகலத்துக்கே செய்தார்கள். பைத்தான் மொழிக்கு 2001ல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் நடை வழிகாட்டி, ஒரு வரி 79 எழுத்துக்குள் இருக்கட்டும் என்றது. இன்று மேசையில் இருக்கும் மானிட்டரில் 200 எழுத்து தாராளமாகப் பிடிக்கும். ஆனாலும் பழைய வரம்பைப் பலர் கைவிடவில்லை. இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது என்பது ஒரு காரணம். நீண்ட வரியின் கோடியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வரும்போது கண் தடம் மாறிவிடுகிறது என்பது இன்னொன்று. செய்தித்தாள்காரர்கள் பத்தியைக் குறுக்கி அச்சிடுவதும் இதற்காகத்தான்.

இனி எங்கே ஒடிப்பது என்ற விஷயத்துக்கு வருவோம். ஏற்காடு போகும் ஒரு பஸ்ஸின் ஒரு நடை வசூலைக் கணக்கிடும் வரி இது. பைத்தான் 2008ல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே எழுதுகிறேன்:

வசூல் = பெரியவர் * பெரியவர்_கட்டணம் + சிறுவர் * சிறுவர்_கட்டணம் + மூட்டை * மூட்டைக்_கட்டணம் - சலுகை

இதை இடம் தீர்ந்த இடத்தில் ஒடித்தால் இப்படி வரும்:

வசூல் = (பெரியவர் * பெரியவர்_கட்டணம் + சிறுவர் *
    சிறுவர்_கட்டணம் + மூட்டை *
    மூட்டைக்_கட்டணம் - சலுகை)

விடை சரியாகத்தான் வரும். ஆனால் சிறுவர் ஒரு வரியில், அவர்களுடைய கட்டணம் அடுத்த வரியில். குழந்தையை ஒரு பஸ்ஸிலும் டிக்கெட்டை இன்னொரு பஸ்ஸிலும் ஏற்றிய மாதிரி. பெருக்கல் நெருங்கிய உறவு. கூட்டல் அதைவிடத் தளர்ந்தது. ஒடிப்பதென்றால் தளர்ந்த இடத்தில்தான் ஒடிக்க வேண்டும்:

வசூல் = (
    பெரியவர் * பெரியவர்_கட்டணம்
    + சிறுவர் * சிறுவர்_கட்டணம்
    + மூட்டை * மூட்டைக்_கட்டணம்
    - சலுகை
)

இப்போது நிரலே தெரியாத கண்டக்டரிடம் காட்டினாலும், சலுகை கழிகிறது, மற்றவை கூடுகின்றன என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தால் போதும்.

கூட்டல் குறியை வரியின் தலையில் வைப்பதா, வாலில் வைப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. வால் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறி கடைசியில் தொங்கினால் வரி முடியவில்லை என்று முன்கூட்டியே தெரிகிறது, வளைவு வருவதற்கு முன்னால் பலகை நிற்பதுபோல. தலைக் கட்சிக்குக் கணித அச்சு துணை நிற்கிறது. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத் ஒரு நடைமுறையைக் குறித்து வைத்திருக்கிறார்: பத்திக்குள் ஓடிவரும் சூத்திரத்தைக் குறிக்குப் பின்னால் ஒடிப்பார்கள், தனியே எடுத்துக்காட்டும் சூத்திரத்தைக் குறிக்கு முன்னால் ஒடிப்பார்கள். பெப் 8 நெடுங்காலம் வால் கட்சியில் இருந்தது. 2016ல் நூத்தைச் சாட்சிக்கு அழைத்துத் தலைக் கட்சிக்கு மாறியது. நானும் தலைக் கட்சிதான். வரி முடியவில்லை என்று சொல்லும் வேலையைத் திறந்து கிடக்கும் அடைப்புக்குறி பார்த்துக்கொள்கிறது. அந்த வேலையைக் கூட்டல் குறியின் தலையிலும் ஏற்ற வேண்டியதில்லை.

அடைப்புக்குறி இல்லாமல் தலைக் கட்சியில் சேர்ந்தால் மட்டும் ஆபத்து. இதைப் பாருங்கள்:

வசூல் = பெரியவர் * பெரியவர்_கட்டணம்
+ சிறுவர் * சிறுவர்_கட்டணம்

பைத்தான் முதல் வரியோடு கூற்று முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வரியைத் தனிக் கணக்காகப் போடும், விடையை யாரிடமும் கொடுக்காமல் தூக்கி எறிந்துவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. அந்த பஸ்ஸில் பிள்ளைகள் எல்லோரும் இலவசம். வரிக் கோடியில் சாய்கோடு போட்டு அடுத்த வரியோடு ஒட்டுவது பைத்தானில் உள்ள இன்னொரு வழி. அதை நான் சிபாரிசு செய்வதில்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலும் நிரல் ஓடாது.

ஒடித்தாயிற்று. மிச்சத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? இதற்கு ஏற்காட்டின் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் நிழலில், அதன் தண்டில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடி நிற்கிறது. சரிவான நிலத்தில் செடிகளை மேலிருந்து கீழாக வரிசை வைத்தால் மழைத் தண்ணீர் அந்த வரிசையையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் சம உயரக் கோட்டை ஒட்டி, மலையைச் சுற்றினாற்போல வரிசை வைப்பார்கள். ஒரே மட்டத்தில் உள்ள செடிகள் ஒரே வரிசை. எதிர் மலையில் நின்று பார்த்தாலும் மட்டம் தெரியும். உள்தள்ளலின் விதியும் அதுவே. சம அந்தஸ்துள்ளவை ஒரே நெடுவரிசையில் தொடங்க வேண்டும். ஒன்றுக்குள் அடங்கியது ஒரு படி உள்ளே தள்ளி நிற்க வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு பாணிகள் உண்டு. மேலே காட்டியது ஒன்று: அடைப்பைத் திறந்ததும் கீழே இறங்கி, 4 இடம் தள்ளித் தொடங்குவது. இன்னொன்று, திறந்த அடைப்புக்குறிக்கு நேர் கீழே எல்லாவற்றையும் தூக்குநூல் பிடித்து நிறுத்துவது. பின்னது அழகு. ஆனால் நிலைக்காது. 'வசூல்' என்ற பெயரை நாளைக்கு 'மொத்த_வசூல்' என்று மாற்றினால் அடைப்புக்குறி வலப்பக்கம் நகர்ந்துவிடும், கீழே உள்ள எல்லா வரிகளையும் தள்ளி வைக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தூக்குநூல் பாணி அடியோடு உதவாது. ஆங்கில நிரல் எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் இடைவெளிகளை எண்ணி நேர் நிறுத்தலாம். தமிழில் 'ர' எங்கே, 'ணௌ' எங்கே? போதாக்குறைக்கு எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறும். 'ஏற்காடு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஏ, ற், கா, டு என்று நான்கு விரல் மடக்குவோம். யூனிகோடில் புள்ளி தனி, துணைக்கால் தனி, உகரக் குறி தனி. ஆக ஏழு. பைத்தானிடம் நீளம் கேட்டால் 7 என்றுதான் சொல்லும். அதையே யூடிஎஃப்-8 முறையில் வட்டில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 21. நம் மொழியின் பெயருக்கும் இதே கதி: தமிழ் என்பது நமக்கு 3, யூனிகோடுக்கு 5, வட்டுக்கு 15. 'கொ' என்ற எழுத்தைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு வேறுபாடு இல்லை, எண்ணிக்கையில் உண்டு. அப்படியிருக்க 79 எழுத்து வரம்பு என்பது தமிழ் வரிக்கு எதைக் குறிக்கிறது? நிரலை அழகுபடுத்தும் கருவிகள் பல, கண்ணில் படும் எழுத்தை எண்ணாமல் உள்ளே உள்ள குறிகளை எண்ணுகின்றன. திரையில் பாதிதான் நிறைந்திருக்கும், கருவி வரியை ஒடித்துவிடும். நான்கு இடம் தள்ளித் தொடங்கும் பாணிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வரியின் தொடக்கத்தில் இருப்பவை வெறும் இடைவெளிகள். தமிழானால் என்ன, தெலுங்கானால் என்ன, அவை மாறுவதில்லை.

தமிழ் இதில் இடைஞ்சல் மட்டும் செய்யவில்லை. ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. பட்டியல்களை எடுத்துக்கொள்வோம்:

நிறுத்தங்கள் = [
    "சேலம்",
    "அடிவாரம்",
    "ஒண்டிக்கடை",
    "ஏரி",
]

கடைசியில் நிற்கும் "ஏரி"க்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி இருக்கிறது. ஆங்கில இலக்கணம் படித்து வந்தவர்களுக்கு இது உறுத்தும். அந்த மொழியில் பொருள்களை அடுக்கும்போது இணைப்புச் சொல் உருப்படிகளுக்கு இடையில், அதுவும் கடைசிக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வரும். நாம் எப்படிச் சொல்கிறோம்? காப்பியும் மிளகும் ஆரஞ்சும். ஒவ்வொரு பெயரும் தன் இணைப்பைத் தானே சுமக்கிறது, கடைசிப் பெயர் உட்பட. இலக்கணக்காரர் இதற்கு எண்ணும்மை என்று பெயர் வைத்தார். மிளகை முதலில் கொண்டுவந்தாலும், கடைசியில் பலாவையும் சேர்த்தாலும், மற்றச் சொற்களில் கை வைக்க வேண்டாம். அந்தக் கடைசிக் காற்புள்ளி நிரல் பட்டியலின் எண்ணும்மை. நாளை "ஏரி"க்குக் கீழே "பக்கோடா பாயிண்ட்" என்று சேர்த்தால் ஒரு வரி மட்டும் புதிதாக வரும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளும் ஒரு வரி மாறியது என்றுதான் எழுதும். கடைசிக் காற்புள்ளி இல்லாதிருந்தால் "ஏரி" வரியையும் தொட வேண்டும், தொட்ட பாவம் உங்கள் பெயரில் பதிவாகும்.

நிரல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை, ஒழுங்கு என்பது அதன் பொருள். நன்னூல் சொல்லும் எட்டு வகைப் பொருள்கோளில் ஒன்று நிரல்நிறை. 'மலையும் ஏரியும் காடும் ஏறினேன் சுற்றினேன் புகுந்தேன்' என்று ஒருவர் சொன்னால், மலையை ஏறினேன், ஏரியைச் சுற்றினேன், காட்டில் புகுந்தேன் என்று வரிசைப்படி கோத்துக்கொள்ள வேண்டும். ஒரே வரியாக வாசித்தால் ஒரு கணம் தடுமாறும். இரண்டு பத்தியாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தடுமாற்றமே இல்லை. ஓலையில் அந்த வசதி கிடையாது. பாட்டையும் அடி பிரிக்காமல் ஓலையின் ஓரம் வரைக்கும் நிரப்பி எழுதினார்கள், பெரும்பாலும் புள்ளிகூட இல்லாமல். அடியைப் பிரிப்பது, சீரைப் பிரிப்பது, வெண்பாவில் தனிச்சொல்லுக்கு முன்னால் சிறு கோடு போடுவது எல்லாம் அச்சுக்குக் கொண்டுவந்தவர்களின் வேலை. அடி பிரித்ததும் யாப்பு தெரிந்தது. பொருள் அப்படியும் எல்லோருக்கும் பிடிபடவில்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாகக் கொண்டுவந்தார். பண்டிதர்களில் சிலருக்கு அது ஓசையைக் கெடுப்பதாகப் பட்டது. ஓசைக்கு ஒரு பிரிப்பு, பொருளுக்கு ஒரு பிரிப்பு. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதை எந்த நிரலாளருக்கும் முன்பே தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் பார்த்துவிட்டார்கள்.

உள்தள்ளலை நம்பி மோசம்போன கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்தில் எதிர்ப்பக்கம் இருப்பது உண்மையான வங்கித் தளம்தானா என்று சான்று பார்க்கும் பகுதியில் ஓட்டை. காரணம் ஒரே ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. தமிழாக்கி எழுதினால் அதன் வடிவம் இப்படி இருக்கும்:

(முதல் சோதனை தவறு) ஆனால்
    வெளியேறு
    வெளியேறு
(இறுதிச் சோதனை தவறு) ஆனால்
    வெளியேறு

பார்க்கிற கண்ணுக்கு இரண்டு 'வெளியேறு'வும் முதல் நிபந்தனைக்குக் கீழே அடங்கி நிற்கின்றன. அந்த நிரல் எழுதப்பட்ட சி மொழியில், அடைப்பு போடாவிட்டால் நிபந்தனைக்கு அடுத்த ஒரு கூற்று மட்டுமே அதற்குச் சொந்தம். இரண்டாவது 'வெளியேறு' நிபந்தனையே இல்லாதது, எப்போதும் நடப்பது. ஆக இறுதிச் சோதனையை நிரல் ஒரு நாளும் எட்டவில்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால், எல்லாம் சரி என்ற விடையோடு வெளியேறிக்கொண்டிருந்தது. உள்தள்ளல் ஒன்று சொன்னது, இலக்கணம் வேறு சொன்னது. வாசித்த மனிதர்கள் உள்தள்ளலை நம்பினார்கள், கணினி இலக்கணத்தை நம்பியது. 2016ல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், உள்தள்ளல் ஏமாற்றுகிறது என்று எச்சரிக்கும் வசதியோடு வெளியானது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ் நிரல்மொழியில் இதே தவறு தீங்கு செய்திருக்காது. அங்கே நிபந்தனை 'ஆனால்' என்று திறந்தால் 'முடி' என்று மூட வேண்டும்:

@( மழை == 1 ) ஆனால்
    பதிப்பி "மெதுவாகப் போகவும்"
இல்லை
    பதிப்பி "போகலாம்"
முடி

உள்ளே ஒரே வரியை இரண்டு முறை எழுதினாலும் இரண்டும் 'முடி'க்குள் அடங்கிவிடும். நிபந்தனை முதலில் வந்து 'ஆனால்' பின்னால் வருவதையும் கவனியுங்கள். மழை பெய்தால் என்று நாம் பேசுகிற வரிசை அது. பைத்தான் எதிர்த்திசையில் போனது. மூடும் சொல்லே வேண்டாம், உள்தள்ளலே இலக்கணம் என்றது. கண்ணும் கணினியும் ஒன்றையே நம்பட்டும் என்ற எண்ணம். பீட்டர் லாண்டின் 1966லேயே இந்த யோசனையை எழுதிவைத்தார். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் சேராமல் ஒரு விபரீதம் செய்யும்: விடையைத் திருப்பித் தரச் சொல்லும் கட்டளைச் சொல்லோடு வரியை ஒடித்து, விடையை அடுத்த வரியில் எழுதினால், அந்த மொழி தானாகவே முதல் வரிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். வளைவில் பாதி திரும்பிய பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவதற்குச் சமம்.

இவ்வளவு பேசினாலும், உள்தள்ளல் உண்மையிலேயே புரிதலுக்கு உதவுகிறதா என்று அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1983ல் வெளியான ஓர் ஆய்வு 0, 2, 4, 6 இடம் தள்ளிய நிரல்களைப் படிக்கக் கொடுத்தது. 2 முதல் 4 வரை தள்ளியவற்றைப் படித்தவர்களே அதிகம் புரிந்துகொண்டார்கள். 2019ல் ஒரு சிறிய குழுவிடம் கண்ணசைவை அளக்கும் கருவி வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. சோதனையில் கொடுப்பவை சின்ன நிரல்கள். இரண்டு வளைவு உள்ள சாலையில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டிவிடலாம். பலகையின் பயன் பதினேழாவது வளைவில், மூடுபனியில்தான் தெரியும். நிரலில் மூடுபனி என்பது வேறொருவர் எழுதிய இரண்டாயிரம் வரி.

இன்று இந்த வேலையில் பாதியைக் கருவிகள் எடுத்துக்கொண்டன. கோ மொழி தன்னோடு கோஃபம்ட் என்ற கருவியையும் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017ல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018ல் பிளாக். கோப்பைச் சேமித்தவுடன் இவை ஒடித்து, தள்ளி, காற்புள்ளி சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. அலுவலகங்களில் தலைக் கட்சி வால் கட்சிச் சண்டை ஓய்ந்ததற்கு இவையே காரணம். கருவியைப் பயன்படுத்துங்கள், தயங்க வேண்டாம். ஆனால் கருவி ஒரு கூற்றை ஒன்பது வரியாக ஒடித்துக் கொடுத்தால், அதை அப்படியே விடாமல் இரண்டு கூற்றாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். சலுகையைத் தனி வரியில் கணக்கிட்டு ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி வளைவுகள் தேவைப்படாமலே போகும். அந்த முடிவை எந்தக் கருவியும் உங்களுக்காக எடுக்காது.

கருவி காப்பாற்றாத இன்னோர் இடமும் உண்டு. அதை நீங்களே செய்து பார்ப்பது நல்லது. பைத்தான் உள்ள கணினியில் மேலே எழுதிய நிறுத்தங்கள் பட்டியலை அப்படியே தட்டுங்கள். "அடிவாரம்" என்பதற்குப் பின்னால் உள்ள காற்புள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மேற்கோள்களை ஒன்றாக ஒட்டிவிடுவது அந்த மொழியின் வழக்கம். இப்போது பட்டியலின் நீளத்தைக் கேளுங்கள். நீங்கள் நான்கு வரிகளில் நான்கு ஊர்ப் பெயர் எழுதியிருப்பீர்கள். 3 என்று பதில் வரும். பஸ் "அடிவாரம்ஒண்டிக்கடை" என்ற இடத்தில் நிற்கும்.